அஷ்டமி நவமி பார்த்துப் போகும் அலாஸ்கா

விடுமுறை எந்த வாரம் கிடைக்கிறது, டிக்கெட் எந்த நாளில் மலிவாக இருக்கிறது, உடன் வருகிறவர்களுக்கு எது சௌகரியம் என்று விசாரித்துவிட்டுப் பிரயாணத்துக்கு நாள் குறிப்பதுதான் நம்மில் பெரும்பாலோருக்கு வழக்கம். ஆனால் வட பசிபிக் கரையோரத்துக்குப் போய், ஒரே பிரயாணத்தில் சால்மனையும் ஹாலிபட்டையும் தூண்டிலிட்டுப் பிடித்து வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர், இந்த விசாரணைகளையெல்லாம் சற்றே ஒத்தி வைத்துவிட்டு, முதலில் மீனையும், அடுத்தபடி சந்திரனையும், அதற்கும் அடுத்தபடி சர்க்காரையும் கேட்டாக வேண்டும். இந்த மூவரும் எந்த வாரத்துக்குச் சம்மதிக்கிறார்களோ, அந்த வாரத்துக்கே விடுமுறை விண்ணப்பம் எழுத வேண்டும். இந்த வரிசையை மாற்றிப் போட்டு, விளம்பரத்தில் கண்ட படகுக்கு முன்பணம் கட்டிவிட்டு அதன் பிறகு மீனைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறவர்கள், நல்ல காற்றை சுவாசித்து, பனிமலைகளைத் தரிசித்து, வெறுங்கையோடு ஊர் திரும்புவது அபூர்வமல்ல.

இத்தகைய யாத்திரைக்கு உகந்த துறைகள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகரை தொடங்கி அலாஸ்கா முழுவதும் பல உண்டு. பிரின்ஸ் ரூபர்ட், ஹைடா குவாய், கெச்சிகன், சிட்கா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பக்தர்கள் இருக்கிறார்கள்; அவர்களோடு வாதிட நான் தயாராக இல்லை. எனினும், முதன்முறை போகிறவருக்கு நான் சொல்லக்கூடிய இடம் அலாஸ்காவின் தென்மத்தியப் பகுதியில் உள்ள கெனாய் தீபகற்பம். மற்றத் துறைகளில் பலவற்றுக்குச் சிறு விமானமோ கப்பலோ ஏறித்தான் போகவேண்டியிருக்க, இங்கே ஆங்கரேஜ் நகரில் இறங்கி ஒரு காரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டால், மலையும் கடலும் மாறி மாறித் துணை வரும் ஏறக்குறைய 220 மைல் சாலையில், நடுவழியில் சால்மன் ஏறும் கெனாய் நதியையும், சாலை முடிகிற இடத்தில் ஹாலிபட்டுக்குப் பேர்போன ஹோமர் என்ற சிற்றூரையும் அடைந்துவிடலாம். ஹோமரிலிருந்து கச்செமாக் விரிகுடாவுக்குள் நாலரை மைல் நீளத்துக்கு ஒரு சரளைக்கல் திட்டு ஓடுகிறது. படகுத்துறை, மீன் அறுக்கும் மேடைகள், கூடாரம் அடிக்கும் இடங்கள், சாப்பாட்டுக் கடைகள் யாவும் அதன்மீதுதான். 1964 மார்ச் 27ஆம் தேதி நேர்ந்த, 9.2 அளவுள்ள மகா பூகம்பத்தில் இந்தத் திட்டு பல அடி தாழ்ந்து போயிற்று. பிறகு மேடாக்கி, இன்றுள்ள நிலைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

இரண்டு மீனையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே தவிர, அவற்றின் சுபாவம் ஒன்றுக்கொன்று நேர்விரோதம். சால்மன் அந்தக் கரைக்கு வழிப்போக்கன். ஹாலிபட் அங்கே பல மாதம் குடியிருக்கிறவன். பசிபிக் சால்மனில் அலாஸ்கா நதிகளுக்கு வருவன ஐந்து ஜாதி: கிங், சாக்கை, கோஹோ, பிங்க், சம். ஐந்துமே நன்னீரில் பிறந்து, சமுத்திரத்தில் வளர்ந்து, பிறந்த நீரின் மணத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் மறவாமல் அதே நதியைத் தேடித் திரும்பி, முட்டையிட்டபின் மடிந்துபோகின்றன. நதிக்குள் நுழைந்தவுடன் ஆகாரத்தையும் அவை நிறுத்திவிடுகின்றன. கடலில் சேர்த்துவைத்த கொழுப்பொன்றே கடைசிப் பிரயாணத்துக்குக் கட்டுசோறு. ஆகையால் சால்மனுக்குத் தேதி உண்டு. மே, ஜூன் மாதங்களில் முதலில் கிங். ஜூலை பிற்பாதியில் கெனாய் நதியில் திரள் திரளாய்ச் சாக்கை. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கோஹோ. கெனாயைப் பொறுத்தவரை இரட்டைப்படை ஆண்டுகளில் மட்டும், கோடை முடிவில், பெருவாரியாகப் பிங்க். ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் நதி வெறும் நதிதான்.

ஹாலிபட்டோ தட்டை மீன். நம் கடற்கரைச் சந்தைகளில் நாக்கு மீன் என்று விற்கிறார்களே, அதற்குத் தூரத்து உறவு. ஆனால் உருவத்தில் ஒப்பிடவே முடியாது. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்து நீந்தும் இந்தப் பிராணி, ஓர் அங்குல நீளம் வளர்கிற சமயத்தில் ஓர் ஆச்சரியமான காரியம் செய்கிறது: அதன் இடது கண் மெல்ல மெல்லத் தலையைச் சுற்றி நகர்ந்து வலது பக்கத்துக்கு வந்து சேர்கிறது. அதற்குப்பின் இரண்டு கண்ணும் மேலே பார்க்க, கடலடியில் ஒருக்களித்துப் படுத்தே ஆயுளைக் கழிக்கிறது. மேற்புறம் சேற்றின் நிறம், அடிப்புறம் சுத்த வெள்ளை. குளிர்காலத்தில் கண்டத் திட்டின் விளிம்பில், ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட ஆழங்களில் முட்டையிட்டுவிட்டு, வசந்தத்தில் கரையை நோக்கி ஆழம் குறைந்த மேய்ச்சல் நிலங்களுக்கு வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை அது அங்கே இருக்கும். ஆக, இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஜூலை மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு முதற்பாதி வரை உள்ள காலமே, நதியில் சாக்கையோ கோஹோவோ, கடலில் ஹாலிபட்டும் தவறாமல் எதிர்ப்படக்கூடிய காலம் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே கிங் சால்மனை நான் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. 1985 மே 17ஆம் தேதி கெனாய் நதியில் லெஸ் ஆண்டர்சன் என்பவர் பிடித்த 97 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள கிங் சால்மனை, தூண்டிலில் பிடிபட்ட அந்த ஜாதி மீன்களில் இன்றுவரை எதுவும் விஞ்சவில்லை. ஆனால் அந்தப் புகழைக் கேட்டு இப்போது அந்த நதிக்குப் போகிறவர் ஏமாந்துதான் போவார். திரும்பி வரும் கிங் சால்மனின் தொகையும், அதன் உடற்பருமனும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்து, அண்மை ஆண்டுகளில் அதே நதியில் அதைப் பிடிப்பதற்கே தடை விதிக்கும்படி ஆகிவிட்டது. ஆகவே, பழைய பிரயாணக் கட்டுரைகளையும் விடுதிச் சுவர்களில் தொங்கும் புகைப்படங்களையும் நம்பித் திட்டம் போடுவது உசிதமல்ல.

வாரம் தெரிந்தபின், அந்த வாரத்தில் எந்த நாள் என்பதைச் சந்திரன் சொல்ல வேண்டும். ஹோமரை அடுத்துள்ள குக் இன்லெட் என்ற நீண்ட கடற்கழியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சில நாட்களில் 28 அடியை எட்டுகிறது. அதாவது, காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் மூன்று மாடி வீடொன்றின் உயரத்துக்குத் தண்ணீர் இறங்கியிருக்கும். இவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்கொருமுறை உள்ளே பாய்ந்து வெளியே பாய்வதென்றால் நீரோட்டத்தின் வேகத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஹாலிபட் படுத்திருப்பது தரையில். தூண்டில் இரையும் தரையிலேயே கிடந்தாக வேண்டும். ஓட்டம் மிஞ்சிய நேரத்தில் இரண்டு மூன்று பவுண்டு ஈயக்குண்டைக் கட்டி இறக்கினாலும் நரம்பு சாய்ந்து, இரை அந்தரத்தில் அலைந்துகொண்டிருக்குமேயொழிய அடியைத் தொடாது. ஏற்றம் நின்று வற்றம் தொடங்குமுன், அல்லது வற்றம் நின்று ஏற்றம் தொடங்குமுன், தண்ணீர் தயங்கி நிற்கிற அந்தச் சிறிது நேரமே உண்மையான வேட்டை நேரம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் அது சில நிமிஷங்களில் கழிந்துவிடும். சூரியனும் சந்திரனும் ஒன்றுக்கொன்று குறுக்கே நின்று இழுக்கிற அரைநிலாக் காலத்திலோ, ஏற்றவற்றம் அடங்கி, ஓட்டம் தணிந்து, வேட்டை நேரம் நீண்டு கிடைக்கும். நம் வீடுகளில் நல்ல காரியம் எதற்கும் ஆகாது என்று தள்ளிவைக்கிற அஷ்டமியும் நவமியும், அடுத்து வரும் தசமியும், ஹோமர் துறையில் ஹாலிபட்டுக்குப் புறப்பட உத்தமமான திதிகள்! ஒரு வருஷத்துக்குரிய ஏற்றவற்ற அட்டவணை முன்கூட்டியே வெளியாகிவிடுவதால், அதைப் பார்த்தாவது, வீட்டில் கிடக்கும் பஞ்சாங்கத்தைப் புரட்டியாவது, ஆறு மாதத்துக்கு முன்பே நாளைக் குறித்துவிடலாம்.

சர்க்காரின் சம்மதம் இவ்வளவு சுலபமாய்த் தெரிந்துவிடாது. ஹாலிபட்டைப் பற்றிய சட்டத்துக்கு ஒரு கௌரவமான பூர்வோத்தரம் உண்டு. கனடாவின் மீனவர்களும் அமெரிக்க மீனவர்களும் போட்டி போட்டுக்கொண்டு அள்ளியதில் இந்த மீன் அருகிப்போவதைக் கண்டு, 1923 மார்ச்சில் இரண்டு தேசங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதுவரை கனடாவின் அந்நிய ஒப்பந்தங்களில் பிரிட்டிஷ் பிரதிநிதியும் கையெழுத்திடுவது சம்பிரதாயம். இந்த ஒப்பந்தத்தில் மட்டும் கனடாவின் மந்திரி எர்னஸ்ட் லப்வாந்த் தனியாகவே கையெழுத்திட்டார். ஒரு தேசம் தன் சுதந்திரத்தின் ஒரு படியைத் தட்டை மீன் ஒன்றை முன்னிட்டு ஏறியது என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. அந்த ஒப்பந்தத்திலிருந்து பிறந்த சர்வதேச பசிபிக் ஹாலிபட் கமிஷன் இன்றும் சியாட்டிலில் இருந்துகொண்டு, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் கூடி, எந்தப் பகுதியில் எவ்வளவு பிடிக்கலாம் என்று வரையறுக்கிறது. அதன்பிறகுதான் அவ்வாண்டின் விதிகள் வெளிவரும்.

இந்த விதிகளைப் படிக்காமல் படகு அமர்த்துவது பெரும் பிசகு. ஹோமர் பகுதியில் வாடகைப் படகில் போகிறவருக்கு அண்மை ஆண்டுகளில் நாளொன்றுக்கு இரண்டு ஹாலிபட் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவற்றில் ஒன்று ஏறக்குறைய 28 அங்குலத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் புதன்கிழமை, வாடகைப் படகுகளுக்கு ஹாலிபட் கூடாது. தென்கிழக்கு அலாஸ்காவிலோ ஒரே மீன்தான். அதுவும் குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்ததாகவோ, மிகப் பெரியதாகவோ இருந்தாலொழிய, நடுத்தர அளவு மீனைத் திரும்பவும் கடலிலேயே விட்டுவிட வேண்டும். அங்குலமும் கிழமையும் வருஷந்தோறும் மாறுகின்றன. இவற்றோடு அலாஸ்கா மாநில மீன்வள இலாகாவின் தூண்டில் உரிமச் சீட்டு, 16 வயதுக்குக் குறையாத வெளியூரார் ஒவ்வொருவருக்கும் தேவை; கிங் சால்மனுக்கு அதன்மேல் தனி முத்திரை வேறு. ஜூலையில் கெனாய் முகத்துவாரத்தில் உள்ளூர் ஜனங்கள் நீண்ட கழியில் கட்டிய வலையைத் தண்ணீரில் பிடித்து நின்று குடும்பத்துக்கு வேண்டிய சால்மனை வாரிக்கொள்வதைக் காணலாம். அது அலாஸ்காவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் உள்ள பாத்தியதை. விருந்தாளி வேடிக்கை பார்க்கலாமேயன்றி வலையைத் தொடக்கூடாது. மீன்வளம் ஜனங்களின் பொதுச்சொத்து என்றும், குன்றாமல் நிலைக்கும்படி அதை அனுபவிக்க வேண்டும் என்றும் தன் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்துக்கொண்டு 1959இல் மாநிலமான பிரதேசம் அது. இந்தக் கண்டிப்புகளைத் தொந்தரவாக நினைக்கிறவர்கள் உண்டு. இவை இல்லாதிருந்தால் இன்று பிரயாணத் திட்டம் போடவே அவசியம் இருந்திராது என்று நினைக்கிறவன் நான்.

இனிப் படகு. ஹோமரிலிருந்து போகும் சிறு வாடகைப் படகுகளில் அநேகமாய் ஆறு பேருக்குமேல் ஏற்றுவதில்லை. முழுநாள் பிரயாணத்துக்கு ஆளுக்கு 300 டாலருக்குக் குறைவாகக் கேட்பது அரிது. விடியலில் கிளம்பி ஒன்றிரண்டு மணி நேரம் ஓடி, இருநூறு அடி ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சியதும், கையாள் ஒருவர் தடித்த வளைதூண்டிலில் ஒரு முழு ஹெர்ரிங் மீனையோ, சால்மன் தலையின் துண்டையோ கோத்துக் கையில் கொடுப்பார். ஈயம் தரையில் 'தொம்' என்று உட்காருவது கழியின் வழியே கைக்குத் தெரியும். அதன்பின் சும்மா இருப்பதுதான் வித்தை. மீன் இரையைத் தட்டுகிறது; மறுபடியும் தட்டுகிறது; ஆற்றங்கரையில் பழகிய கை வெடுக்கென்று சுண்டி இழுக்கத் துடிக்கிறது. இழுத்தால் போயிற்று! முனை உட்புறமாய் வளைந்த இந்தத் தூண்டில், மீன் இரையை விழுங்கிக்கொண்டு திரும்பும்போது தானே வழுக்கி வாயின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும்படி அமைந்தது. கழி தானாக வளைந்து தாழும்வரை பொறுத்திருந்து, பிறகு நிதானமாய்ச் சுற்றத் தொடங்க வேண்டும். பாதி தூரம் ஒரு பலகையைத் தூக்குவதுபோல் மந்தமாய் வந்த மீன், மேல்நீரின் வெளிச்சத்தைக் கண்டதும் புரண்டு மறுபடியும் அடிவரை பாய்ந்துவிடுவதுண்டு. சுற்றியதெல்லாம் அவிழ்ந்து, கைச்சதை நடுங்க, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நூறு பவுண்டு ஹாலிபட் உயிரோடு தளத்தில் விழுந்தால், அதன் வால் வீச்சு மனிதன் காலை முறிக்கப் போதுமானது. ஆகவே பெரிய மீனை எறியீட்டியால் குத்தி, அடக்கி, செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிட்ட பிறகே படகில் ஏற்றுவார்கள்.

பெரிய மீனைப் பற்றி ஒரு வார்த்தை. 1996இல் டச்சு ஹார்பரில் பிடிபட்ட 459 பவுண்டு ஹாலிபட் தூண்டில் சாதனையாக நிற்கிறது. 2014இல் கஸ்டேவஸ் அருகே 482 பவுண்டு மீனொன்று அகப்பட்டும், படகில் ஏற்றுமுன் அதைச் சுட்டும் எறியீட்டியால் குத்தியும் இருந்ததால் ஏட்டில் ஏறவில்லை. இந்த எண்களைக் கேட்டு நாவூறுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அந்தப் பிரும்மாண்டங்கள் ஏறத்தாழ எல்லாமே பெண் மீன்கள் என்பதும், ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியது என்பதும், சாப்பாட்டுக்கு இருபது முப்பது பவுண்டு மீனே அதைவிட மிருதுவானது என்பதுமே. பெரிய மீனை விட்டுவைக்கும் இந்தக் காரியத்தைத் தென்கிழக்கு அலாஸ்காவின் டிலிங்கிட் ஜனங்கள் சட்டமில்லாமலே சாதித்திருந்தார்கள். அவர்கள் செதுக்கிய மரத்தூண்டில், கோணம்போல் சேர்த்துக் கட்டிய இரண்டு கைகளை உடையது. ஒரு கை மிதக்கும் மரம், மற்றது கனத்த மரம். எலும்பிலோ இரும்பிலோ ஆன முள் ஒன்று உட்புறம் சாய்ந்திருக்கும். இரண்டு கைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் சூட்சுமம்: சின்ன மீனின் வாய் முள்ளை எட்டாது, மிகப் பெரிய மீனின் தலை இடைவெளிக்குள் நுழையாது, அகப்படுவது நடுத்தர மீன் மட்டும். அடிக்கையில் ஓர் உருவத்தைச் செதுக்கி, அந்த உருவம் கடலடியில் கிடக்கும் மீனைப் பார்க்கும்படி தூண்டிலை இறக்குவார்கள். அருங்காட்சியகங்களில் இந்தத் தூண்டில்களைக் கண்டால், அழகுக்காக ஒருமுறையும் அளவுக்காக ஒருமுறையும் பார்ப்பது தகும்.

நதியில் சால்மன் பிடிப்பது முற்றிலும் வேறு சங்கதி. சாக்கை கடலில் நுண்ணிய ஜீவராசிகளைத் தின்று வளர்ந்தது. நதியிலோ ஒன்றையுமே தின்பதில்லை. எனவே இரை வைத்து அதை ஏமாற்ற முடியாது. முழங்கால் தண்ணீரில் நின்று, சிறு ஈயமும் வெற்றுத் தூண்டிலும் கட்டிய நரம்பை ஓட்டத்தின் குறுக்கே மிதக்கவிட்டால், வாயைத் திறந்து மூடிக்கொண்டு எதிரேறி வரும் மீனின் வாய்க்குள் நரம்பு நழுவிச் சென்று தூண்டில் மாட்டுகிறது. முதுகிலோ வயிற்றிலோ மாட்டினால் சட்டப்படி விட்டுவிட வேண்டும். ரஷ்யன் நதி கெனாயில் கலக்கிற இடத்தில் ஜூலையில் தோளோடு தோள் உரச ஆட்கள் நிற்பார்கள். உள்ளூரார் அதை யுத்தம் என்றே கேலி செய்கிறார்கள். அந்த வரிசையில் சில சமயம் கரடியும் வந்து பங்கு கேட்கும். அறுத்த மீனின் கழிவைக் கரையோரத்தில் போடாமல், துண்டுதுண்டாக வெட்டி ஓட்டத்தின் நடுவில் வீசவேண்டும் என்ற விதியை அங்கே அலட்சியம் செய்வது ஆபத்து.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; ஜூலை மத்தியானத்திலும் வெப்பம் பெரும்பாலும் 16 டிகிரியை ஒட்டியே இருக்கும் என்பதால் கம்பளி, மழைக்கோட்டு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போதும். கடல்மயக்கத்துக்கு மாத்திரையை முந்தின இரவே விழுங்கிவிட வேண்டும். படகில் ஏறிய பிறகு விழுங்குவது மீன்களுக்குத்தான் உபயோகம். இவையெல்லாவற்றையும்விட முக்கியம், திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டு வைப்பது. காற்று கிளம்பினால் படகோட்டி போகமாட்டேன் என்பார்; அவரோடு தர்க்கம் செய்யக்கூடாது. அந்த நாளில், குழந்தைகளோடு வந்திருப்பவர்கள், ஹோமர் திட்டின்மீதே உள்ள தூண்டில் குளத்துக்குப் போகலாம். குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த சால்மன் குஞ்சுகளை அங்கே விடுகிறார்கள். அவை கடலுக்குப் போய் வளர்ந்து, ஏறிச்செல்ல நதி எதுவும் இல்லாத அந்தக் குளத்துக்கே திரும்பி வந்து வட்டமிடுகின்றன. கடலோரம் நடந்து போகிற தூரத்தில் சால்மன் பிடிக்கலாம்.

மாலையில் படகுகள் திரும்பியதும், மீன்களைக் கொக்கிகளில் தொங்கவிட்டுப் படம் எடுத்துவிட்டு, மேடையில் அறுக்கத் தொடங்குவார்கள். கூரிய நீண்ட கத்தியால் ஹாலிபட்டின் நடுமுள்ளையொட்டிக் கீறி, மேற்புறம் இரண்டும் அடிப்புறம் இரண்டுமாக நான்கு பாளங்களை நொடியில் எடுத்துவிடுகிற அந்தக் கைகளை நின்று பார்க்கவேண்டும். பாளங்களைக் காற்று நீக்கிப் பையிலிட்டு, கடுங்குளிரில் உறையவைத்து, பெட்டியில் அடைத்துத் தருவதற்குத் திட்டின்மீதே கடைகள் உண்டு. விமானத்தில் ஒரு பெட்டிக்குப் பொதுவாக 50 பவுண்டுதான் கணக்கு என்பதால், உறையவைக்க ஓர் இரவு தேவைப்படும் என்பதையும், பெட்டியின் எடையையும் முன்னதாகவே யோசித்துக்கொள்ள வேண்டும். அறுக்கிறவரிடம் ஒன்று மட்டும் மறவாமல் சொல்லி வைக்கவேண்டும்: ஹாலிபட்டின் இரண்டு கன்னத்திலும் வட்டமாக ஒரு சதைத்துண்டு இருக்கிறது, மீன் முழுவதிலும் அதற்கு நிகரான ருசி கிடையாது, கேட்டு வாங்கிக்கொள்ளாவிட்டால், தலையோடு கழிவுத் தொட்டிக்குப் போய்விடும்.